துங்க

கெண்டைக்கால் இரண்டும் கல்லாகிப் போயிருந்தன. டெம்போவின் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேச்சியம்மாள் ஒரு காலைத் தரையில் வைத்தாள். அது தாங்குமா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த காலை இறக்கினாள். முட்டி மடங்க மறுத்தது.

“எறங்கறதுக்கே இவ்வளவு நேரமா? உன்னயும் பக்கெட் தண்ணில நிக்க வெச்சு அனுப்பியிருக்கணும், பூ மாதிரி” என்று உள்ளேயிருந்து மெஹ்னாஸ் கத்தினாள்.

“நீ எறங்கும்போது தெரியும். ஒன்ன நாலு பேரு தூக்கணும்.”

உள்ளே இருந்த பெண்கள் சிரித்தார்கள். யாருக்கும் சரியாகச் சத்தம் வரவில்லை. குளிர் அறைக்குள் போய்ப்போய் வந்து எல்லோருக்கும் தொண்டை கட்டியிருந்தது.

பிப்ரவரி பிறந்துவிட்டால் பாகலூர்ப் பக்கத்துப் பூக் கம்பெனிகளில் வீட்டுக்குப் போகிற நேரம் என்று ஒன்று கிடையாது. வெள்ளைக்காரன் ஊரில் பதினாலாம் தேதி எல்லோரும் எல்லோருக்கும் ரோஜா கொடுப்பார்களாம். அதற்காக முந்தின நாள் காலையில் போனவள் இந்தக் காலையில்தான் திரும்புகிறாள். சோறு தின்ன உட்கார்ந்ததைத் தவிர மற்றதெல்லாம் நிற்பு. தண்டின் நீளம் பார், கீழ் இலையை உருவு, இருபது இருபதாய் அடுக்கு, அட்டை சுற்று, ரப்பர் போடு. முள் குத்திக் குத்தி விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன.

வீடு ஏரிக்கரைக்குக் கீழே. ஓடு போட்ட ஒரே அறை, பின்னால் தகரம் சாய்த்த அடுப்படி. மாமியார் முனிலட்சுமி கையில் ஒயர் கூடையோடு, செருப்பும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள்.

“வந்துட்டியா? உனக்காகத்தான் நின்னுக்கினு இருக்கேன். ராத்திரி பூரா வயிறு வயிறுன்னு பொரண்டாரு உங்க மாமா. ஜுரமும் எறங்கல. மாத்திர தீந்துபோச்சு. பாகலூருக்குப் போயி டாக்டர்கிட்ட சொல்லி வாங்கிக்கினு வந்துடறேன். கஞ்சி இருக்குது, கேட்டா குடு.”

“பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருவமா அத்தை?”

“மஞ்சு ஷிப்ட் முடிஞ்சு வரட்டும். ஓசூருக்கே கூட்டிக்கினு போயிடலாம். அதுவரைக்கும் நீ பக்கத்துலயே இரு, எங்கயும் போயிடாத.”

மஞ்சுநாத் அவள் புருஷன். சிப்காட்டில் காண்ட்ராக்ட் வேலைக்கு விடியுமுன்னே போய்விட்டான்.

பேச்சியம்மாள் உள்ளே போனாள். கயிற்றுக் கட்டிலில் மாதப்பன் சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்தார். பர்கூர்ப் பக்கம் கல்குவாரியில் பல வருஷம் கல் உடைத்த உடம்பு. நாலு நாள் காய்ச்சலில் தோள் எலும்பு மட்டும் பெரிதாகத் தெரிந்தது. காலடி கேட்டுத் திரும்பினார்.

“வந்தியா, திருநெல்வேலி.”

அவளுக்குச் சங்கரன்கோவில் பக்கம். மதுரைக்குத் தெற்கே இருப்பதெல்லாம் அவருக்குத் திருநெல்வேலிதான். கம்பெனி வேலைக்கென்று ஓசூர் வந்து, மஞ்சுநாத்தைப் பார்த்து, கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டில் மற்ற மூன்று பேரும் தங்களுக்குள் தெலுங்கு பேசிக்கொள்வார்கள். அவள் பக்கம் முகம் திரும்பியதும் தமிழ் வரும். சந்தைக்குப் போனால் மூவருக்கும் கன்னடமும் வரும். இத்தனை நாளில் அவள் படித்த தெலுங்கு சோறு, தண்ணி, வா, போ என்கிற அளவோடு நின்றுவிட்டது. கம்பெனிக்குப் போகிறவளுக்கு வீட்டில் இருக்கிற நேரமே குறைவு.

“கஞ்சி குடிக்கீகளா மாமா?”

தலையை ஆட்டினார். வேண்டும் என்றா, வேண்டாம் என்றா தெரியவில்லை. கொண்டுவந்து ஊட்டினாள். இரண்டாவது கரண்டி கடைவாயில் வழிந்தது. துடைத்துவிட்டு, கட்டில் சட்டத்தில் தலையைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும்தான் கால் வலி முழுசாகத் தெரிந்தது. பாதத்திலிருந்து இடுப்பு வரை யாரோ முறுக்கிப் பிழிவதுபோல. கண் தானாக மூடியது.

“தூங்க…”

திடுக்கிட்டு நிமிர்ந்தாள். “என்ன மாமா?”

“தூங்க… தூங்க.”

வலது கை மெல்ல எழும்பி வாசல் பக்கத்துச் சுவரைக் காட்டியது. அங்கே ட்யூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. அத்தை அணைக்காமல் போயிருந்தாள். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது போல என்று நினைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டே போய் சுவிட்சைத் தட்டினாள்.

“அமத்தியாச்சு. உறங்குங்க மாமா.”

கை இறங்கவில்லை. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் அந்தச் சொல்லைச் சொன்னார். இந்தத் தடவை குரலில் எரிச்சல் இருந்தது. வலியில் கிடக்கிறவர்களுக்கு எரிச்சல் வருவது சகஜம்தானே.

“நானும் இங்கனதான் படுத்திருக்கேன். எங்கயும் போகல. உறங்குங்க.”

நீட்டிய கையைப் பிடித்து மடக்கி அவர் நெஞ்சின் மேல் வைத்தாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். பிறகு கட்டிலுக்குக் கீழேயே, தலைக்குக்கூட ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் படுத்தாள்.

அவளை எழுப்பியது முனிலட்சுமியின் குரல். கூடை தலைகீழாகக் கிடந்தது. மாத்திரை அட்டைகளும் இரண்டு ஆரஞ்சுப் பழமும் தரையில் சிதறியிருந்தன. வெயில் வாசற்படியைத் தாண்டி அறைக்குள் பாதிவரை வந்திருந்தது. முனிலட்சுமி கட்டில்மேல் குனிந்து மாதப்பனின் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். முதலில் மெதுவாக, பிறகு அடிப்பதுபோல.

போர்வை இழுத்துவிட்ட இடத்திலேயே இருந்தது. கை நெஞ்சின் மேலேயே இருந்தது.

*

சாவு வீட்டில் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். கடைசியாக யார் பக்கத்தில் இருந்தது? என்ன சொன்னார்?

“மருமவதான் இருந்தா. கஞ்சி ஊட்டியிருக்கா. தூங்கணும்னு சொன்னாராம். லைட்ட நிறுத்தச் சொன்னாராம். அப்டியே தூக்கத்துலயே…” முனிலட்சுமி ஒவ்வொருவரிடமும் இதை முழுசாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது ஒரு பிடிமானமாகிவிட்டது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கட்டிப்பிடித்து அழும்போது, அதையே இழுத்துப் பாடினாள். தூங்கணும்னு சொன்னியே என் ராசா, நான் மாத்திர வாங்கப் போன நேரம் பாத்துத் தூங்கிட்டியே என் ராசா.

“புண்ணியம் பண்ணவன்” என்றார்கள். “கல்லு ஒடச்ச உடம்பு, இழுத்துக்கினு கெடக்கும்னு நெனச்சோம். தொந்தரவு குடுக்காம போயிட்டான்.” மூக்கில் பஞ்சு வைத்து, நெற்றியில் காசு ஒட்டி, சாய்வு பெஞ்சில் உட்காரவைத்துக் கட்டியிருந்த மாதப்பனைப் பார்த்து இதைச் சொன்னார்கள். பேச்சியம்மாளை அணைத்து, “உன் கையால கஞ்சி குடிச்சிட்டுப் போனான்” என்றார்கள். அவளுக்கு அழுகை வந்தது. அதோடு கொட்டாவியும் வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மஞ்சுநாத் கம்பெனிச் சட்டையோடு வந்தான். சட்டையில் எண்ணெய்க் கறை. அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். அவனுக்கு அழத் தெரியவில்லை. அவள் பக்கம் திரும்பினான்.

“கஷ்டப்பட்டாரா?”

“இல்லைங்க.”

“தூங்கணும்னுதான் சொன்னாரா?”

“ஆமா.”

தலையை ஆட்டிவிட்டு, தப்பட்டைக்காரர்களுக்குச் சொல்லியாயிற்றா, குழி வெட்ட ஆள் போயாயிற்றா என்று கேட்டுக்கொண்டே வெளியே போனான். பொழுது சாயுமுன் எடுத்துவிட வேண்டும்.

வெங்கடப்பன் கொஞ்சம் தாமதமாக வந்தார். ஏரிக்குக் கீழே மாதப்பனின் அரை ஏக்கருக்கு அடுத்தது அவர் நிலம். தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே ஓடி வந்திருந்தார். முழங்கால்வரை சேறு. தோளில் மண்வெட்டி. அதை வாசலில் சாய்க்கவும் மறந்து உள்ளே வந்து, பெஞ்சுக்கு முன்னால் நின்று, மாதப்பன் காதுக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்:

“துங்க அட்லே உந்தி கதரா, மாதப்பா!”

சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

ஈ ஓட்டத் துண்டை வீசிக்கொண்டிருந்த பேச்சியம்மாளின் கை நின்றது. அந்த முதல் சொல் காலையில் கேட்டதுபோலவே இருந்தது. தூங்குகிறான் என்று சொல்கிறாரோ? தமிழில் சொன்னாரா, தெலுங்கிலா? பக்கத்தில் உட்கார்ந்திருந்த அடுத்த வீட்டு மாதம்மாளிடம் குனிந்தாள்.

“யக்கா, அவரு என்ன சொன்னாரு? தூங்குதாகன்னா?”

“தூங்கறதா? துங்கம்மா, துங்க. கோரை. கோரை அப்டியே கெடக்குதேடா மாதப்பான்னு அழுவறாரு.”

“கோரையா?”

“ஆமா. நீங்க கோரைங்கறீங்க, எங்களுக்குத் துங்க. ஏரி ஓரத்துல, காட்டுல, எங்க பாத்தாலும் மொளைக்குதே அது. ஏன், உங்க மாமா சொல்லிக் கேட்டதில்லயா?”

கேட்டதில்லை. அவளிடம் பேசும்போது அவர் கோரை என்றுதான் சொல்வார். சொல்லாத நாள் இல்லை. அரை ஏக்கரில் கொத்தமல்லி போட்டால் கொத்தமல்லிக்கு முன்னால் கோரை வரும். கம்பெனி ரோஜாப் பாத்தியில் மருந்தடித்து, பிளாஸ்டிக் ஷீட் விரித்து மூடினால், ஷீட்டை ஊசிபோலக் குத்திக்கொண்டு வரும். சிப்காட் கழிவுநீர் ஓடுகிற வாய்க்காலில் வேறு எதுவும் பிழைக்காது, கோரை தளதளவென்று நிற்கும். “கல்லு தேவல” என்பார் சோற்றுக்கு உட்காரும்போது. “ஒருக்கா ஒடச்சா ஒடஞ்சதுதான். மறுநாள் போனா ஒட்டிக்கினு நிக்காது. இந்தக் கோரைய எடுத்துட்டுத் திரும்பிப் பாரு, பின்னாலயே சிரிச்சிக்கினு வரும்.”

துண்டை மாதம்மாளிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். கால் வலி எங்கோ போயிருந்தது. அல்லது அது வேறு யாருடைய காலோ போல இருந்தது.

துங்க. தூங்க. உதட்டை மட்டும் அசைத்துச் சொல்லிப் பார்த்தாள். குறில், நெடில். பள்ளிக்கூடத்தில் டீச்சர் விரலைச் சொடுக்கிக் காட்டியது. குறிலுக்கு ஒரு சொடுக்கு, நெடிலுக்கு இரண்டு. காலையில் கேட்டது ஒரு சொடுக்கா, இரண்டா? காய்ச்சலில் நாக்கு வறண்டு கிடந்தவருக்கு எழுத்தை நீட்ட மூச்சு இருந்ததா? இல்லை, அரைத் தூக்கத்தில் இருந்தவள் தனக்கு வேண்டிய சொல்லாக நீட்டிக் கேட்டாளா? எத்தனை தடவை சொன்னார்? முதலில் ஒரு தடவை, பிறகு சேர்ந்தாற்போல, கடைசியில் எரிச்சலோடு. அந்தக் கடைசியை நினைக்க நினைக்க அது குறுகிக்கொண்டே போனது.

அவர் உறக்கத்துக்கு என்ன சொல் சொல்வார்? படுக்கறேன் என்பார். எப்போதும் அதுதான். புதிதாக வந்தபோது, வந்த விருந்தாளியிடம் அவள் “மாமா உறங்குதாக” என்று சொன்னதைக் கேட்டு எழுந்து உட்கார்ந்து சிரித்தார். “உறங்கறதாம்! அது பாட்டுல வர வார்த்த. நாங்க படுக்கறோம், எழுந்துக்கறோம், அவ்ளோதான்.” அன்றிலிருந்து அவளைச் சீண்ட வேண்டும் என்றால், “திருநெல்வேலி, நான் உறங்கப் போறேன்” என்பார். தூங்க என்பது அவர் சொல்லும் இல்லை, அவள் சொல்லும் இல்லை. டிவியில் பேசுகிறவர்கள் சொல்.

ஆனால் காய்ச்சலில் கிடக்கிறவருக்கு எந்தச் சொல் வரும் என்று யார் கண்டது? டிவி இந்த வீட்டிலும்தானே ஓடுகிறது.

கட்டில் கிடந்த இடத்துக்குப் போனாள். கட்டிலைத் தூக்கி வெளியே நிறுத்திவிட்டார்கள், தரையில் நாலு கால் தடம் மட்டும் இருந்தது. அந்த இடத்தில் குந்தி, அவர் தலை இருந்த உயரத்துக்குத் தன் தலையை வைத்து, கையை அதே போல நீட்டிப் பார்த்தாள். விரல் நுனிக்கு நேரே சுவிட்ச் போர்டு. போர்டுக்கு மேலே பலகை அடித்த அலமாரி. அதில் தகர டப்பாக்கள். பக்கத்தில் வாசல். வாசலுக்கு வெளியே கரை, கரைக்குக் கீழே வெங்கடப்பனின் நிலம், நிலம் முழுக்க வெயிலில் மினுங்குகிற பச்சை.

“இங்க என்னம்மா பண்ற, வழியில உக்காந்துக்கினு?” என்று யாரோ கேட்டார்கள். எழுந்துகொண்டாள்.

வெங்கடப்பன் பின்பக்கக் குழாயில் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் போய் நின்றாள்.

“கோரைன்னு மாமா உங்ககிட்ட எதும் சொன்னாகளா?”

“முந்தாநேத்து பாக்க வந்தேன். அப்பவும் அதே பேச்சுதான். எங்களுக்குள்ள மாத்தாள் கணக்கும்மா. அவன் நெலத்துல நான் ஒரு நாள் குனிஞ்சா, என் நெலத்துல அவன் ஒரு நாள் குனியணும். கூலி கெடையாது. போன வாரம் நான் வந்து அவனுக்கு எடுத்துக் குடுத்துட்டேன். அவன் வரதுக்குள்ள படுத்துட்டான். ‘துங்க முத்திடும்டா, கெழங்கு வெக்கறதுக்குள்ள வந்துடறேன்’னு சொல்லிக்கினே இருந்தான். எழுந்து உக்கார முடியாதவன்.” மூக்கைச் சிந்தினார். “ஏன், உங்கிட்ட எதாவது சொன்னானா?”

“இல்ல” என்றாள். சட்டென்று வந்துவிட்டது. பிறகு அதைத் திருப்பி எடுக்க முடியவில்லை.

அப்படியென்றால் அவர் வேலையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். வாசலைத்தான் காட்டினார். அது பரவாயில்லை. அதற்கு அவள் என்ன செய்திருக்க முடியும்? போய் வெங்கடப்பனிடம் சொல் என்றிருப்பார். நெஞ்சில் ஒரு முடிச்சு இளகியதுபோல இருந்தது. அந்த இளக்கத்தோடேயே அடுப்படிக்குள் போனாள். முனிலட்சுமி தனியாக இருந்தாள். குளிப்பாட்ட வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. அழுது அழுது முகம் வீங்கி, இப்போது அழுகை இல்லாமல் தீயைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

“அத்தை.”

“ம்.”

“மாமா சொன்னது தூங்கன்னு இல்லியோன்னு தோணுது. துங்கன்னு சொன்னாகளோ என்னமோ. எனக்கு அந்தச் சொல்லு தெரியாது. இப்பத்தான் மாதம்மாக்கா சொன்னாக.”

முனிலட்சுமி விறகைத் தள்ளுவதை நிறுத்தினாள்.

“கை எங்க காட்டினாரு?”

“வாசப் பக்கம். சுவத்துப் பக்கம்.”

“சுவத்துலயா, வாசலுக்கு வெளியவா?”

“தெரியல அத்தை.”

முனிலட்சுமி எழுந்தாள். அழுகிற பெண்களுக்கு நடுவே புகுந்து, அலமாரியிலிருந்து ஒரு பழைய காபித்தூள் டப்பாவை எடுத்து, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். மூடியைத் திறந்தாள். உள்ளே கருப்புக் கருப்பாய், ஆட்டுப் புழுக்கை அளவில், வேர் மயிரைப் பொசுக்கிக் காயவைத்த கிழங்குகள். மண்ணும் கற்பூரமும் கலந்தாற்போல ஒரு வாசனை வந்தது.

“துங்க கெழங்கு. குவாரியில இருந்த காலத்துலருந்து, வயிறு கடுத்தா, ஜுரம் வந்தா, இதத் தட்டிக் கொதிக்க வெச்சுக் குடிப்பாரு. குடிச்சா கேக்கும். இந்த வாட்டி டாக்டர் மாத்திர குடுத்திருக்கறப்ப இது எதுக்குன்னு, நான்தான் தரமாட்டேன்னு மேல எடுத்து வெச்சேன். ரெண்டு நாளா கேட்டாரு.”

வெந்நீர் கொதித்து வழிந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். யாரும் இறக்கவில்லை.

“அத்தை, அப்ப அவுக…”

“தூங்கத்தான் கேட்டாரு.” முனிலட்சுமி டப்பாவை அழுத்தி மூடினாள். “நீ கேட்டதுதான் சரி. உன் காதுல அப்டித்தான விழுந்துச்சு? அப்டியே இருக்கட்டும்.”

“மாமா எப்பவாவது தூங்கறேன்னு சொல்லுவாகளா அத்தை?”

முனிலட்சுமி முந்தானையைச் சுருட்டிப் பிடித்து அண்டாவை இறக்கினாள். அண்டாவின் மறுபக்கத்தைப் பேச்சியம்மாள் பிடித்துக்கொண்டாள். தூக்கும்போதுதான் மாமியார் வாயைத் திறந்தாள்.

“மஞ்சுகிட்ட சொல்லாத.”

பெஞ்சைத் தூக்கி வாசலில் வைத்துக் குளிப்பாட்டினார்கள். புது வேட்டி கட்டினார்கள். வாய்க்கரிசி போட வரிசையாகப் போனார்கள். பேச்சியம்மாளின் முறை வந்தபோது அவள் கை அரிசியோடு அவர் வாய்ப்பக்கம் போய் நின்றது. மூடிய உதடு கொஞ்சம் குவிந்தாற்போல இருந்தது. ‘து’ சொன்னாலும் ‘தூ’ சொன்னாலும் உதடு அப்படித்தான் குவியும். பின்னால் இருந்தவள் நகரு நகரு என்றாள். அரிசியைப் போட்டுவிட்டு நகர்ந்தாள்.

தப்பட்டை சத்தம் கரையேறி, தூரமாகி, அடங்கியது. பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். மஞ்சுநாத் திரும்பி வந்து, ஈரத் துணியோடு வாசலில் உட்கார்ந்தான். விளக்கு வைக்கிற நேரம். அவள் காபி கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் வாங்காமல் அவள் கையைப் பிடித்தான்.

“இன்னொருவாட்டி சொல்லு. எப்டி சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லு.”

உள்ளே முனிலட்சுமி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

பேச்சியம்மாள் அவர் சொன்ன மாதிரியே சொன்னாள். மூச்சில்லாமல், நாக்கு ஒட்டிக்கொண்டாற்போல, அந்த ஒற்றைச் சொல்லை. முதல் எழுத்தை எவ்வளவு நீட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மஞ்சுநாத் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, புரிந்துவிட்டது என்பதுபோல மெதுவாகத் தலையை ஆட்டினான். அவன் காதில் எது விழுந்தது என்று அவள் கேட்கவில்லை. அவன் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு, அன்றைக்கு முதல் தடவையாக அழுதான். உள்ளே பாத்திரச் சத்தம் மறுபடியும் தொடங்கியது.

*

மூன்றாம் நாள் பாலும் நெய்யும் விடப் போகும்போது பெண்களும் போகலாம். கரையோரமாக நடந்தார்கள். தண்ணீர் வற்றிப் பின்வாங்கிய ஏரி விளிம்பு நெடுக இடுப்பளவுக் கோரை, காற்று வந்தால் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஒரே பக்கமாக நிமிர்ந்தது. இந்த வழியாக எத்தனையோ தடவை டெம்போவுக்கு ஓடியிருக்கிறாள். ஒரு தடவையும் நின்று பார்த்ததில்லை. அதன் தண்டு உருண்டை இல்லை. ஒன்றைக் கிள்ளி விரலில் உருட்டிப் பார்த்தாள். உருளவில்லை, மூன்று பட்டையாக நின்றது.

“வழில என்னத்தடி பொறுக்கற? வா” என்றாள் முனிலட்சுமி.

குழிமேட்டு மண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. அதில் அங்கங்கே பச்சையாக ஊசிபோல ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. வெட்டிப் புரட்டிய மண்ணில் கிடந்த கிழங்குகள். அவர் பின்னாலேயே வந்து நின்றுவிட்டன.

மஞ்சுநாத் பாலை விட்டான். நெய் விட்டான். வாழையிலையில் சோறு, முட்டை, ஒரு கட்டு பீடி, அவர் குடிக்கிற சரக்கு. முடிந்தது என்று எல்லோரும் எழுந்தபோது முனிலட்சுமி கூடைக்குள் கைவிட்டு ஒரு சொம்பை எடுத்தாள். வாயில் வாழையிலை கட்டியிருந்தது. அதைப் பிரித்து, கருப்பாக, இன்னும் ஆவி வந்துகொண்டிருந்த தண்ணீரைத் தலைமாட்டில் மெதுவாக ஊற்றினாள். மண்ணும் கற்பூரமும் கலந்த அந்த வாசனை வந்தது.

“அது என்னம்மா?” என்றான் மஞ்சுநாத்.

“காபி” என்றாள்.

பேச்சியம்மாளின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. சொம்பைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டிக் கூடையில் போட்டுக்கொண்டு, மகன் தோளைப் பிடித்தபடி முன்னால் நடந்தாள்.

பேச்சியம்மாள் மட்டும் குந்தினாள். தலைமாட்டில் இருந்த பச்சை ஊசியைப் பிடித்து இழுத்தாள். பாதியில் பட்டென்று அறுந்து கையோடு வந்தது.

“புடுங்காதம்மா” என்றார் பின்னால் வந்த வெங்கடப்பன். “மேல புடுங்கினா கீழ நாலாவும். நோண்டித்தான் எடுக்கணும்.”

“உங்க நெலத்துல இன்னும் அப்படியேதான் கெடக்கா?”

“கெடக்குது. முத்திப்போச்சு. விடு, அதப் பத்தி இப்ப என்ன. நாளைக்கு உனக்குக் கம்பெனியில்லயா?”

மெஹ்னாஸ் காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள். கடைசி லோடு போகிற வரைக்கும் யாருக்கும் லீவு கிடையாது என்று சூப்பர்வைசர் சொல்கிறானாம். டெம்போ எப்போதும்போல முனையில் நிற்குமாம்.

“மாமா எத்தன நாள் வரணும் உங்களுக்கு?”

“அட, செத்தவன்கிட்ட என்னம்மா கணக்கு.”

“சொல்லுங்க.”

வெங்கடப்பன் மண்வெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டார். கரைக்குக் கீழே தன் நிலத்தைப் பார்த்தார். அவளைப் பார்க்காமல் சொன்னார்:

“ஒரு நாள்.”

அறுந்த கோரையை அவள் கீழே போடவில்லை. ஒரு நாள். குனிந்து நோண்டி எடுக்கிற ஒரு நாள் வேலை. வெங்கடப்பனுக்கு மாதப்பன் வீடு அதை இன்னும் பாக்கி வைத்திருந்தது.